வீட்டுக்கு வந்த புதிய முதலியார்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிற் பேசுமாறு எமக்குத் தந்த பொருள் சற்றுப் புதுமையானது. "வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்புகிற அந்தப் பெட்டியை எப்படிப் பூட்டுவது என்று சொல்லிவிடுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சமயமும் இலக்கியமும் பேசப்படும் மேடையிலே வயரையும் பிளக்கையும் பற்றிப் பேசுவது தகுமோ என்று பின்வரிசையில் இருப்போர் சிலர் எண்ணக்கூடும். தகும் என்றே நாம் கருதுகிறோம்.

பண்டத்தரிப்புக்குப் புதுக் கருவிகள் வருவது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1820 ஆம் ஆண்டளவில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த டாக்டர் ஜோன் ஸ்கடர் இவ்வூரிலே வைத்தியஞ் செய்யத் தொடங்கியபோது, அவருடைய கத்திகளையும் குப்பிகளையும் கண்டு எம் முன்னோர் வியந்திருப்பார்கள், அஞ்சியும் இருப்பார்கள். பின்னாளில் மானிப்பாயிலே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்குரிய நூல்களையுந் தமிழாக்கினார். மிசன் பாடசாலையிற் படித்த எமக்கு இக்கதை சிறு வயது முதலே பழக்கமானது. புதிய கருவியொன்று ஊருக்குள் வந்தால் அதனை ஊர்ப் பேச்சிலே விளக்கிச் சொல்லவும் ஒருவர் வேண்டும். அந்தப் பணியில் மிகச் சிறியதொரு பங்கையே இன்று எடுத்திருக்கிறோம்.

இந்தப் பெட்டியை ஆங்கிலத்தில் 'ஸ்மார்ட் ஹோம் ஹப்' என்கிறார்கள். நேராகச் சொன்னால் 'கெட்டிக்கார வீட்டின் நடுவம்'. கிறீன் அவர்கள் இருந்திருந்தால் அழகிய தமிழ்ப் பெயரொன்று இட்டிருப்பார். எமக்கு அத்துணை ஆற்றல் இல்லை. ஊரெல்லாம் 'ஹப்' என்றே சொல்வதால் நாமும் ஹப் என்றே சொல்லிப் போவோம்.

ஹப் செய்யும் வேலை யாது? வெள்ளைக்காரர் ஆண்ட காலத்திலே கச்சேரியில் மொழிபெயர்ப்பு முதலியார் ஒருவர் இருப்பார். துரைக்குத் தமிழ் தெரியாது. கமக்காரனுக்கு ஆங்கிலந் தெரியாது. நடுவில் நிற்கும் முதலியாருக்கு இரண்டுந் தெரியும். வீட்டிலுள்ள மின்குமிழ், பிளக்கு, கதவில் ஒட்டும் உணரி, ஆள் நடமாட்டத்தை அறியும் உணரி ஆகியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வானொலி மொழியிற் பேசுகின்றன. உங்கள் கைத்தொலைபேசிக்கு அம்மொழிகளிற் பல தெரியா. இரு திறத்தாருக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிக் கொடுப்பதும், "கதவு திறந்தால் விளக்கை ஏற்று" என்பது போன்ற கட்டளைகளை நினைவில் வைத்து நிறைவேற்றுவதுமே ஹப்பின் தொழில். முதலியாரைப் போலவே, அவர் யாருக்கு விசுவாசமானவர் என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. அதனைப் பின்னாற் சொல்கிறோம்.

அம்மொழிகளின் பெயர்களையுந் தெரிந்து வைத்திருங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். 1975 இல் ஸ்கொத்லாந்திலே 'எக்ஸ்-10' என்று ஒரு முறையை உருவாக்கினார்கள். அது வீட்டு மின்கம்பியின் வழியாகவே செய்தி அனுப்பியது. அதற்குப் பின் வந்தவை 'சிக்பீ', 'இசட்-வேவ்', 'திரெட்' என்பன. இவை கம்பியில்லாமற் பேசுவன. உங்களுக்குத் தெரிந்த வைஃபையும் உண்டு. ஒரு கம்பெனியின் குமிழ் இன்னொரு கம்பெனியின் ஹப்போடு பேச மறுத்த தொல்லை பல ஆண்டுகள் நீடித்தது. அதைத் தீர்க்கவென்று பெரிய கம்பெனிகள் பல ஒன்றுகூடி 2022 ஐப்பசியில் 'மேட்டர்' என்ற பொதுமொழியை வெளியிட்டன. புதிதாக வாங்குவோர், வாங்கி அனுப்புமாறு பிள்ளைகளிடஞ் சொல்வோர், பெட்டியில் அந்தப் பெயர் உண்டா என்று பார்த்தால் வருங்காலத் தொல்லை பாதி குறையும். முழுவதுங் குறையும் என்று சொல்லமாட்டோம்.

இனி, பார்சல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியை உடைத்தவுடன் எதையும் பிளக்கிற் சொருகாதீர்கள். நமது மின்சாரம் 230 வோல்ற்று. கனடாவில் 120 வோல்ற்று. ஹப்புக்கு வரும் சிறிய மின்மாற்றியின் அடியிலே '100-240' என்று எழுதியிருந்தால் அஞ்ச வேண்டாம். இரண்டிலும் வேலை செய்யும். ஆனால் அதே பார்சலில் வரும் மின்குமிழ்களிற் பலவும், பிளக்குகளிற் பலவும் 120 வோல்ற்றுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. அங்குள்ள திருகு குமிழ் 26 மில்லிமீற்றர். இங்குள்ள திருகு ஹோல்டர் 27 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் வேறுபாடு கைக்குத் தெரியாது. ஒழுங்காகத் திருகிக்கொண்டு உள்ளே போய்விடும். சுவிச்சைப் போட்டதும் குமிழ் போய்விடும். இலண்டனிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் வருபவற்றில் இந்த ஆபத்து இல்லை. அங்கும் 230 வோல்ற்றுத்தான்.

இசட்-வேவ் கருவிகளில் இன்னொரு பொறி உண்டு. அமெரிக்கா, கனடாவுக்கானவை 908 மெகாஹேட்ஸ் அளவிற் பேசும். ஐரோப்பாவுக்கானவை 868 அளவிற் பேசும். ரொறன்ரோவில் உள்ள மகன் ஹப்பை அனுப்ப, பாரிசில் உள்ள மகள் கதவு உணரியை அனுப்பினால், இரண்டும் இசட்-வேவ் என்றே பெயர் தாங்கியிருந்தும் ஒன்றையொன்று அறியமாட்டா. உடன்பிறந்தார் இருவரும் முதலில் தொலைபேசியிற் பேசிக்கொள்வதே நலம்! சிக்பீ, திரெட் ஆகியவை உலகெங்கும் 2.4 கிகாஹேட்ஸிற் பேசுவதால் அவற்றில் இச்சிக்கல் இல்லை.

அடுத்தது மின்சாரம். இதைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. 1990 இல் மின்சாரம் நின்றபின் ஜாம் போத்தல் விளக்கிலே படித்ததையும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டதையும் எம் பெற்றோர் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். தேசிய மின்வலையோடு குடாநாடு மீண்டும் இணைந்தது 2013 இல். அதன் பின்னரும் 2022 பங்குனி முடிவிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. 2025 மாசி 9 ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். இராமாயணத்தில் ஓர் ஊரை எரித்தார். இங்கே ஒரு தீவையே அணைத்துவிட்டார்.

ஆதலால், ஹப் வாங்கும்போது எந்தக் கடைக்காரனிடமும் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, "கரண்ட் போய் வந்தால் இது என்ன செய்யும்?" என்பதே. ஹப்பும் ரூட்டரும் சில உவாற்று மின்சாரமே குடிப்பவை. ரூட்டருக்கென்றே விற்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்று இரண்டையும் சில மணி நேரந் தாங்கும். வோல்ற்று பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். மின்குமிழ்களுக்கு வேறொரு குணம் உண்டு. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் பல குமிழ்கள் தாமாகவே முழு ஒளியுடன் எரியத் தொடங்கும். நள்ளிரவு இரண்டு மணிக்கு மின்சாரம் திரும்பி வீடு முழுவதும் கலியாண வீடு போல ஒளிர்ந்தால், படுத்திருக்கும் வயோதிபர் என்ன நினைப்பார்? செயலியின் அமைப்புப் பகுதியில், மின்சாரம் மீண்டால் என்ன நிலை என்று கேட்கும் ஓரிடம் பெரும்பாலும் இருக்கும். அதிலே 'முன்பிருந்த நிலை' என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கத்தின்போது ரூட்டரையும் ஹப்பையும் சுவரிலிருந்து கழற்றிவிடும் பழைய வழக்கத்தையுங் கைவிட வேண்டாம்.

எங்கே வைப்பது? இரும்பு அலுமாரிக்குள் வையாதீர்கள். "களவு போய்விடும்" என்று அங்கே வைத்துப் பூட்டியவர்களை நாம் கண்டிருக்கிறோம். இரும்பு வானொலி அலையை மறித்துவிடும். ரூட்டரின் தலைமேலும் வையாதீர்கள்; இரண்டும் 2.4 கிகாஹேட்ஸிலேயே பேசுவதால் சந்தை இரைச்சலிற் காதுக்குள் பேசுவது போலாகும். மூன்று நான்கு அடியாவது இடைவெளி விடுங்கள். நம்மூர்ப் பழைய நாற்சார் வீடுகளின் தடித்த கற்சுவர்கள் வெயிலை மறிப்பது போல அலையையும் மறிக்கும். ஆனாற் சிக்பீயிலும் திரெட்டிலும் ஒரு நன்மை: மின்சாரத்திலே எந்நேரமும் பொருத்தப்பட்டிருக்கும் கருவிகள், தமக்கு வந்த செய்தியை அடுத்த கருவிக்குக் கைமாற்றும். தீப்பிடித்த வீட்டுக்குக் கிணற்றிலிருந்து வரிசையாக நின்று வாளி கைமாற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பற்றரியில் இயங்கும் உணரிகள் இவ்வேலையைச் செய்யமாட்டா. அவை தம் பாட்டைப் பார்ப்பவை. ஆகவே விறாந்தையில் ஹப்பும், நடுவறையிலே பிளக்கொன்றும் இருந்தால், குசினிக் கதவின் உணரி பேசுவது கேட்கும்.

இணைக்கும் முறையைச் சொல்கிறோம். ஹப்பை ரூட்டரோடு கம்பியால் இணைக்க வசதியிருந்தால் அதுவே உறுதி. பின் கம்பெனியின் செயலியைக் கைத்தொலைபேசியில் இறக்கி, கணக்கொன்று திறந்து, ஹப்பின் அடியிலுள்ள கியூ.ஆர். சதுரத்தைப் படம் பிடிக்க வேண்டும். அநேகர் இடறிவிழும் இடம் இது. ரூட்டர் 2.4 என்றும் 5 என்றும் இரண்டு அலைகளில் வைஃபை தரும். வைஃபையிற் பேசும் சிறு கருவிகளிற் பல 2.4 ஐ மட்டுமே அறியும். தொலைபேசியோ 5 இல் நின்றுகொண்டிருக்கும். "கருவி கிடைக்கவில்லை" என்று செயலி திரும்பத் திரும்பச் சொல்லும். அப்படியானால் ரூட்டரில் 5 ஐச் சற்று நேரம் நிறுத்திவிட்டு முயலுங்கள். குமிழொன்றை இணைக்க வேண்டுமானால், அதனைச் சில முறை அணைத்து ஏற்ற அது கண்சிமிட்டும். எத்தனை முறை என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். சிமிட்டினால், 'யாரும் என்னை அழைக்கலாம்' என்று அது கூவுகிறது என்பது பொருள்.

மேட்டர் கருவிகளிற் கியூ.ஆர். சதுரத்தோடு 11 இலக்க எண்ணொன்றும் இருக்கும். அது ஒட்டியிருக்கும் சிறு கடதாசி இரண்டு மழைக்காலத்துக்குத் தாங்காது. ஆகையால் ஒரு அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம். பெயர், வைத்த இடம், 11 இலக்க எண், பற்றரி மாற்றிய திகதி. மிகக் கெட்டிக்காரத்தனமான வீட்டுக்கும் ஒரு கொப்பி வேண்டியிருப்பது எமக்குச் சிரிப்பைத் தருகிறது; ஆனால் அந்தக் கொப்பி இல்லாத வீடுகளுக்கே நாம் அடிக்கடி அழைக்கப்படுகிறோம்.

கருவிகளுக்குப் பெயரிடும்போது 'டிவைஸ் 1', 'டிவைஸ் 2' என்று விட்டுவிடாதீர்கள். வீட்டார் வாயில் வழங்கும் பெயரையே வையுங்கள்: விறாந்தை, குசினி, சாமியறை, கிணற்றடி, படலை. தமிழெழுத்தை ஏற்காத செயலியானால் ஆங்கில எழுத்திலாவது அப்பெயரையே எழுதுங்கள்.

ஊரையும் நேரத்தையுங் குறிக்கும் இடம் முக்கியமானது. 'சூரியன் மறையும்போது விளக்கை ஏற்று' என்று கட்டளையிட்டால், ஹப் தான் நிற்கும் ஊரைக் கொண்டு அந்த நேரத்தைத் தானே கணிக்கும். இங்கே கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்னரும் ஆனி, ஆடியில் ஆறரை அளவிலும் பொழுது படுகிறது. ஹப் இதை நாள்தோறும் சரியாகப் பின்பற்றும். ஆனால் ரொறன்ரோவிலிருந்து மகன் கணக்குத் திறந்து, ஊர் என்ற இடத்திலே தன்னூரை எழுதிவிட்டால்? எமது அயலில் அவ்வாறு ஒன்று நடந்தது. மார்கழியில் அங்கே மாலை ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும்; அப்போது இங்கே அதிகாலை மூன்று மணி கடந்திருக்கும். அவ்வீட்டு விறாந்தை விளக்கும் படலை விளக்கும் நாள்தோறும் அந்நேரத்தில் ஏறின. திருவெம்பாவைக் காலமாதலால், அந்த வீட்டார் எல்லோருக்கும் முன் எழும்பி ஆயத்தமாகிறார்கள் என்று அயலார் மெச்சிக்கொண்டார்கள். உள்ளே இருந்த தம்பதியோ பேய் பிசாசோ என்று இரண்டு கிழமை நித்திரையின்றி இருந்தார்கள். பிள்ளைகள் மனம் நோகும் என்று தொலைபேசியிலுஞ் சொல்லவில்லை.

முதன்முதல் எதைச் செய்வது? பத்துக் கருவிகளை ஒரே நாளிற் பூட்டாதீர்கள். ஒரு விளக்கு, ஓர் உணரி, அது போதும். எமது எண்ணத்தில், வயோதிபர் உள்ள வீட்டிலே அந்த ஒரு விளக்கு, படுக்கையறையிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியில் இருக்க வேண்டும். பழைய வீடுகளிற் கழிவறை வளவின் பின்புறத்தில் அல்லவா இருக்கிறது? இருளிற் படியிறங்கி விழுந்து இடுப்பு முறிந்தவர்களை ஒவ்வொரு குறிச்சியிலும் அறிவோம். பின் விறாந்தையில் நடமாட்ட உணரியொன்றை இடுப்பளவு உயரத்தில் ஒட்டி, 'மாலை ஆறு முதற் காலை ஆறு வரை ஆள் அசைந்தால் விளக்கு எரிக. அசைவு நின்று ஐந்து நிமிடத்தில் அணைக' என்று எழுதினால் முடிந்தது. நிலத்தோடு ஒட்டினால் நாய்க்கும் பூனைக்கும் விளக்கெரியும்.

இவ்விடத்தில் ஒரு தடை வரும். ஸ்மார்ட் குமிழுக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். சுவர்ச் சுவிச்சை அணைத்துவிட்டால் ஹப் எவ்வளவு கூப்பிட்டாலும் அது கேளாது. எம் தாய்மாரோ அறையை விட்டு வெளியேறும்போது சுவிச்சை அணைப்பதை ஒரு விரதம் போலக் கடைப்பிடிப்பவர்கள். மின்கட்டணம் ஏறிய இக்காலத்தில் அவர்களைக் குறை கூற எவருக்கு மனம் வரும்? சுவிச்சின் மேல் 'அணைக்க வேண்டாம்' என்று கடதாசி ஒட்டுவது ஒரு வழி. அது வீட்டுக்காரியைத் தன் வீட்டிலேயே விருந்தாளி ஆக்குவது. நாம் அதை விரும்புவதில்லை. குமிழைச் சாதாரணக் குமிழாகவே விட்டு, சுவிச்சின் பின்னே பெட்டிக்குள் வைக்கும் சிறு றிலே ஒன்றைப் பொருத்தினாற் சுவிச்சும் வேலை செய்யும், ஹப்பும் வேலை செய்யும். ஆனால் பழைய வயரிங்கிற் சுவிச்சுப் பெட்டிக்கு நியூட்றல் வயர் வந்திருக்காது. பல றிலேக்களுக்கு அது வேண்டும். இதனை வயர்மன் ஒருவரே செய்ய வேண்டும். மெயின் சுவிச்சை அணைக்காமல் நம்மைப் போன்ற மாணவர் கைவைக்கும் இடமன்று. வயர்மன் வரும் அந்த நாளிலேயே, ட்ரிப் சுவிச்சு உண்டா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிணற்று மோட்டரைப் பற்றிப் பலர் எம்மைக் கேட்டார்கள். தொலைபேசியிலிருந்து மோட்டரைப் போட்டு நிறுத்த ஆசை. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 746 உவாற்றுக்கு மேல் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைப் போலப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பத்து அம்பியர் என்று எழுதிய ஸ்மார்ட் பிளக்கை அதற்குப் போட்டால், உள்ளேயுள்ள தொடுகை உருகி ஒட்டிவிடலாம். அப்புறம் 'நிறுத்து' என்று தொலைபேசி சொன்னாலும் மோட்டர் நிற்காது. கொன்ராக்டர் என்னும் பெருஞ் சுவிச்சைப் பூட்டி, அதனை இயக்கும் வேலையை மட்டும் ஹப்புக்குக் கொடுப்பதே முறை. அதுவும் வயர்மன் வேலையே. தொடக்கக்காரருக்கு நாம் சொல்வது, தாங்கி நிறைந்து வழியுமிடத்திலே தண்ணீர் உணரியொன்றை வைத்து, நனைந்தாற் தொலைபேசியில் மணியடிக்கச் செய்வது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று சொல்ல ஒன்றில்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லுக்குள் மழை இறங்கித் தேங்கிய நன்னீர்தான் எம் கிணற்று நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தாற் கீழிருந்து உவர் ஏறும். அரைமணி நேரம் வழிந்தோடும் தாங்கி ஒவ்வொன்றும் அந்தக் கணக்கிலே சேர்கிறது.

முதலியார் யாருக்கு விசுவாசமானவர் என்ற கேள்விக்கு வருகிறோம். ஹப்புகளிற் சில தம் மூளையை வீட்டிலேயே வைத்திருக்கின்றன. வேறு சில கடல்கடந்த கம்பெனியொன்றின் கணினியிலே வைத்திருக்கின்றன. பின்னதில், நீங்கள் விறாந்தையில் நின்று பொத்தானை அழுத்தினால் அச்செய்தி கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தே விளக்கை ஏற்றும். இணையம் அறுந்தால் விளக்கும் அறும். அதைவிடப் பெரிய ஆபத்து, கம்பெனியே இல்லாமற் போவது. ரிவோல்வ் என்ற ஹப்பை ஏறத்தாழ 300 டொலருக்கு விற்றார்கள். அக்கம்பெனியை 2014 இல் நெஸ்ட் வாங்கிற்று. 2016 வைகாசியில் அதன் சேவையை நிறுத்த, ஹப் வெறும் பிளாஸ்ரிக் ஆயிற்று. 2022 சித்திரையில் இன்ஸ்ரியோன் என்ற கம்பெனியின் கணினிகள் முன்னறிவித்தலின்றி நின்றன. அன்று அமெரிக்காவிற் பலர் தம் வீட்டு விளக்குகளுக்கு என்ன நேர்ந்தது என்றறியாது திகைத்தார்கள். பின் அதனைப் பாவித்தவர்களிற் சிலரே சேர்ந்து கம்பெனியை வாங்கி உயிர்ப்பித்தார்கள் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

ஆதலின் ஹப்பைப் பூட்டி முடித்த அன்றே ஒரு பரீட்சை வையுங்கள். ரூட்டரை அணைக்காமல், அதற்கு வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியை மட்டும் கழற்றுங்கள். இப்போது உணரியின் முன் நடவுங்கள். விளக்கு எரிகிறதா? எரிந்தால் முதலியார் உங்கள் வீட்டுக்காரர். எரியாவிட்டால் அவர் வேறெங்கோ சம்பளம் வாங்குகிறார். வீட்டிலேயே மூளையை வைக்க விரும்பும் மாணவர்களுக்கு 'ஹோம் அசிஸ்ரன்ற்' என்ற திறந்த மென்பொருள் உண்டு. 2013 இல் போலுஸ் ஸ்கௌட்சன் என்பவர் தொடங்கியது. உள்ளங்கையளவு றாஸ்பெரி பை கணினியிலும் ஓடும். மென்பொருளுக்குக் காசில்லை; பொறுமைதான் விலை.

கடவுச்சொல்லைப் பற்றி நீட்டாமற் சொல்கிறோம். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016 இல் 'மிராய்' என்ற தீய மென்பொருள், கடவுச்சொல் மாற்றப்படாத கமெராக்களையும் ரூட்டர்களையும் இலட்சக்கணக்கிற் கைப்பற்றியது. அவ்வாண்டு ஐப்பசியில் அவற்றைக் கொண்டே அமெரிக்காவின் பெரும் இணையத்தளங்கள் பலவற்றை முடக்கினார்கள். எவரோ ஒருவரின் வாசற் கமெராவும் அந்தப் படையிற் சேவகம் பண்ணியிருக்கும், சொந்தக்காரர் அறியார்.

கமெராவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சென்ற ஆண்டு தனியே வாழும் ஆச்சி ஒருவரின் வீட்டுக்கு எம்மை அழைத்தார்கள். மகன் கனடாவிலிருந்து ஹப்பும் மூன்று கமெராவும் அனுப்பியிருந்தார். வேறு யாரோ பூட்டியிருந்தார்கள். நடுவறைக் கமெரா வேலை செய்யவில்லை என்பது மகனின் முறைப்பாடு. போய்ப் பார்த்தால், அதன்மேல் ஒரு துவாய் மூடிக் கிடந்தது.

"தம்பியவை, மகன் என்னைப் பாக்கிறதில எனக்குக் கோபமில்லை. ஆனா நான் தலை இழுக்கிறதையும் சீலை உடுத்திறதையும் அவன் மட்டும்தான் பாக்கிறான் எண்டு ஆர் கண்டது? பூட்டேக்க என்னை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார் ஆச்சி.

மகனோடு பேசினோம். "ஆச்சிக்கு விருப்பமில்லை, அண்ணை" என்றோம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அம்மா விழுந்து கிடந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். இரண்டு பேரின் கேள்வியும் நியாயமானவை. தாய் விழுந்து கிடந்த செய்தி மறுநாட் கிடைத்த பிள்ளைகள் வெளிநாட்டில் எத்தனை பேர்? அந்த அச்சத்தை நாம் கேலி செய்ய முடியாது. அதற்காக ஒரு மனுஷியின் நடுவறையை நாள் முழுவதும் திறந்து வைக்கவும் முடியாது.

ஆச்சியிடமே கேட்டோம்: "காலையில முதல் என்ன செய்வியள்?" "அஞ்சரைக்குக் குசினியைத் திறந்து தேத்தண்ணி வைப்பன்." அதுவே போதுமாயிற்று. நடுவறைக் கமெராவையுங் குசினிக் கமெராவையுங் கழற்றினோம். படலையைப் பார்ப்பதை ஆச்சி விருப்பத்தோடு வைத்துக்கொண்டார். குசினிக் கதவில் உணரியொன்றை ஒட்டி, 'ஏழு மணிக்குள் இக்கதவு திறவாவிட்டாற் செய்தி அனுப்பு' என்று எழுதினோம். இங்கே காலை ஏழு மணியென்றால் ரொறன்ரோவில் முன்னிரவு எட்டரை அல்லது ஒன்பதரை, மகன் விழித்திருப்பார். ஆனால் அவரால் ஓடிவர முடியாது. ஆகவே செய்தி முதலிற் போவது வேலிக்கு அப்பாலுள்ள வீட்டு மருமகளின் தொலைபேசிக்கு. மாற்றுத் திறப்பும் அவரிடமே. ஹப்பின் கணக்கு ஆச்சியின் பெயரில். மகனும் அந்த மருமகளும் அதிற் சேர்க்கப்பட்டவர்கள்.

முதற்கிழமையிலேயே ஒரு நாள் ஆச்சி தேத்தண்ணியும் குடியாமல் விடியமுன் கீரிமலைக்குப் போய்விட்டார். ஏழு மணிக்குச் செய்தி போயிற்று. மருமகள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஓடிவந்து பூட்டைக் கண்டார். அன்று மாலையே வாசற்கதவருகிற் சிறு பொத்தான் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தோம்: அழுத்திவிட்டுப் போனால், 'வெளியே போயிருக்கிறார்' என்று இருவருக்குந் தெரியும். ஆச்சி இப்போது சந்தைக்குப் போகும்போதும் அதை அழுத்துகிறார். துவாய் பழையபடி கொடியிற் காய்கிறது.

கடைசியாக ஒன்று. வீட்டை வாடகைக்குக் கொடுப்போரும், விற்போரும், பழுதான ஹப்பைப் பழைய இரும்புக்காரனிடம் போடுவோரும், முதலிற் செயலியில் எல்லாக் கருவிகளையும் நீக்கி, சேர்க்கப்பட்ட ஆட்களின் பெயர்களையும் நீக்க வேண்டும். பின் ஹப்பின் அடியில் அல்லது பின்புறத்தில் சிறு துவாரம் ஒன்று இருக்கும். ஊசியோ நிமிர்த்திய கடதாசிக் கிளிப்போ கொண்டு உள்ளேயிருக்கும் பொத்தானை, விளக்கு நிறம் மாறும்வரை அழுத்திப் பிடியுங்கள். பத்து விநாடி வரை ஆகலாம். அப்பியாசக் கொப்பியிலுள்ள அந்தப் பக்கத்தையுங் கிழித்து அடுப்பிற் போட்டுவிடுங்கள்.